அன்றாட நெருக்கீடுகளும் மனவெழுச்சிகளும்: உளநலம் பற்றிய ஒரு சமூக நோக்கு

எம்மவரிடையே உளத்துன்பத்தைச் சுட்டுவதற்கு நோய்ப்பெயர்கள் வழங்குவது குறைவு. “அவளுக்கு யோசனை கூடிப்போச்சு” என்பர். “மனம் சரியில்லை” என்பர். “நெஞ்சுக்குள்ளே பாரமாய்க் கிடக்குது” என்பர். இவ்வாறு கூறுபவருக்கு எமது சமூகம் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றையே அளிக்கின்றது. ஒரு சாரார், “பொறுத்துப் போ; மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என அறிவுரை பகர்வர். மற்றொரு சாரார், அவருள் முற்போக்குச் சிந்தனையுடைய நாமும் அடங்குவோம், “இது சமுதாய அமைப்பின் விளைவு, அமைப்பு மாறினால் இதுவும் மாறும்” எனக் கூறி அப்பாற் செல்வர். முதலாவது விடை துன்பத்தின் பொறுப்பைத் துன்புறுபவர் தலையிலேயே சுமத்துகின்றது. இரண்டாவது விடை காரணத்தைச் சரியாகச் சுட்டினும், இன்றிரவு உறக்கமின்றித் தவிப்பவருக்கு எதனையும் கொடுப்பதில்லை. இவ்விரு விடைகளும் ஏன் போதாதவை என்பதை, அன்றாட நெருக்கீட்டுக்கும் மனவெழுச்சிக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்வதன் மூலம் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெருக்கீடு என்பது யாது?

நெருக்கீடு பற்றிய அறிவியல் ஆய்வு உடற்றொழிலியலிலிருந்தே தொடங்கிற்று. ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த வோல்ட்டர் கனன், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் நிகழும் மாற்றங்களை விளக்கும் நூலை 1915 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆபத்தை எதிர்கொள்ளும் விலங்கு ஒன்றில் போரிடவேண்டும், அன்றேல் ஓடவேண்டும். இவ்விரண்டுக்கும் உடல் ஒரே வகையிலேயே ஆயத்தமாகின்றது. பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்படுகின்றது, அதிரீனற் சுரப்பி அதிரீனலினைச் சுரக்கின்றது, இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகளுக்குச் செல்லும் குருதி மிகுகின்றது, சமிபாடு தாமதிக்கின்றது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்கு மீள்கின்றது.

ஆபத்து நீங்காவிடின் யாது நிகழும்? மொன்றியலில் எலிகளைக் கொண்டு ஆய்வு நிகழ்த்திய ஹான்ஸ் செலியே 1936 இல் இவ்வினாவுக்கு விடை கண்டார். குளிர், காயம், நஞ்சு, அளவு மீறிய உழைப்பு என எத்தகைய துன்பத்துக்கு உட்படுத்தப்படினும் அவ்விலங்குகளின் உடலில் ஒரே வகையான மாற்றங்கள் தோன்றின. அதிரீனற் சுரப்பி பருத்தது. கழுத்துக் கணையச் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிற் புண்கள் உண்டாயின. முதலில் எச்சரிக்கை, அடுத்து எதிர்த்துத் தாங்கல், இறுதியில் களைத்துச் சோர்தல் என இதனை மூன்று கட்டங்களாக அவர் வகுத்தார். குறுகிய காலத்துக்கு உயிரைக் காக்கும் அதே ஏற்பாடு நீண்ட காலம் தொடரின் உடலைத் தேய்க்கின்றது என்பதே இவ்வாய்விலிருந்து நாம் பெறும் உண்மையாகும்.

ஆயின் மனிதன் ஆய்வுகூட எலியல்லன். ஒரே நிகழ்ச்சி ஒருவருக்கு அச்சத்தையும் மற்றொருவருக்கு ஊக்கத்தையும் அளித்தல் கூடும். றிச்சார்ட் லசாரஸ் 1966 இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். நிகழ்ச்சியை எதிர்கொள்பவர் தம்மையறியாமலே இரண்டு கேள்விகளை எழுப்புகின்றார். “இதனால் எனக்குத் தீங்கு உண்டா?” என்பது ஒன்று. “இதனைச் சமாளிக்க என்னிடம் வழியுண்டா?” என்பது மற்றொன்று. தீங்கு உண்டு, வழியில்லை என விடை கிடைக்கும்போதே நெருக்கீடு கடுமையாகின்றது.

தொடக்கத்தில் ஆய்வாளர் பெருநிகழ்ச்சிகளையே அளந்தனர். ஹோம்ஸ், ராகே என்போர் 1967 இல் அமைத்த பட்டியலில் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள் வழங்கப்பட்டன. 1981 இல் லசாரசும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறொரு முடிவைத் தந்தது. நாள்தோறும் நேரும் சிறு தொல்லைகளே உளவியல் அறிகுறிகளைப் பெருநிகழ்ச்சிகளிலும் பார்க்க நன்கு எதிர்வுகூறின என்பதே அம்முடிவாகும். இடியினும் தூறலே சுவரைக் கரைக்கின்றது என்பதை எம் கிராமத்தவர் அறிவர்.

ஒரு தொழிலாளியின் நாள்

“அன்றாட நெருக்கீடு” என்னும் தொடர் நகரத்து அலுவலகங்களையும் தேர்வெழுதும் மாணவரையுமே பலருக்கு நினைவூட்டும். எமது மலைநாட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு நாளை அவ்விடத்து வைத்துப் பார்ப்போம்.

அவள் விடியுமுன் எழுகின்றாள். பீலியடியில் தண்ணீருக்குக் காத்து நிற்கின்றாள். லயத்து அறையில் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுகின்றாள். பள்ளி செல்லும் பிள்ளையை ஆயத்தப்படுத்துகின்றாள். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைக்கின்றாள். குறித்த வேளைக்குப் பெரட்டுக்களத்துக்குச் செல்லவேண்டும். பின்னர் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி, மழையிலும் அட்டைக்கடியிலும் நிரை பிடித்துப் பறிக்கின்றாள். குறித்த கிலோ நிறையாவிடின் அன்றைய பேர் அரைப்பேராகக் குறைக்கப்படும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. கொழுந்தில் ஈரம் உண்டு, கூடைக்கு நிறை உண்டு என நிறுவையின்போது கழிக்கப்படும் அளவை அவள் தீர்மானிப்பதில்லை. எந்த மலையில் பறிப்பது, எந்த நிரையைப் பிடிப்பது என்பனவும் அவள் கையில் இல்லை. மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் இரண்டாவது வேலைநாள் தொடங்குகின்றது.

இந்நாளில் பேரிடர் ஒன்றும் நிகழவில்லை. ஹோம்ஸ், ராகே பட்டியலின்படி அவளுக்குப் புள்ளி ஏதும் கிடைக்காது. எனினும் “இதனைச் சமாளிக்க என்னிடம் வழியுண்டா?” என்னும் லசாரசின் கேள்வி அந்நாள் முழுவதும் அவளை விடாது தொடர்கின்றது. றொபேட் கரசெக் சுவீடனிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு 1979 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளங்கிக்கொள்ள உதவும். வேலையின் பளு மட்டும் உளத்தை வருத்துவதில்லை; பளு மிகுந்தும் தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் உள்ள தொழில்களிலேயே களைப்பும் மனச்சோர்வும் மிகுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற தோட்டத் தொழிலாளரின் கோரிக்கை நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021 இல் சம்பளச் சபையின் வழியாக நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து, பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு பல தோட்டங்களில் உயர்த்தப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். கூலி உயர்ந்தபோதும் பளுவும் உயர்ந்தது. தீர்மானிக்கும் உரிமையோ இருந்த இடத்திலேயே இருந்தது.

சினமும் துயரும் எங்கிருந்து பிறக்கின்றன?

நெருக்கீட்டுக்கு எதிர்வினையாகத் தோன்றும் மனவெழுச்சிகளுள் சினம் முதலிற் கருதத்தக்கது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொலாட் முதலிய ஐவர் 1939 இல் வெளியிட்ட நூலில், இலக்கு தடைப்படும்போது வன்மம் பிறக்கின்றது என்ற கருதுகோளை முன்வைத்தனர். தடை எப்போதும் வன்மத்தையே விளைக்கும் என்ற கூற்று பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் அவர்கள் சுட்டிய ஓர் உண்மை இன்றும் பயனுடையது. தடையை உண்டாக்கியவர் வலியவராயின், சினம் அவரை நோக்கிச் செல்லாது எளியவரை நோக்கித் திசைமாறும். நிறுவையில் கணக்கப்பிள்ளையிடம் கூறமுடியாத சொல் மாலையில் பிள்ளையின் முதுகில் அடியாக விழுகின்றது. மேலாளரிடம் பணிந்த கணவன் மனைவியிடம் கைநீட்டுகின்றான். குடியேற்ற ஆட்சியின் கீழ் அடக்கப்பட்டோரின் வன்மம் முதலில் தம்மினத்தவர் மீதே திரும்புவதை, அல்ஜீரியாவில் உளமருத்துவராகப் பணியாற்றிய பிரான்ஸ் பனோன் 1961 இல் எடுத்துக்காட்டினார். இவ்விளக்கம் அடிப்பவனுக்கு மன்னிப்பாகாது. திசைமாறிய சினத்துக்கு மீண்டும் மீண்டும் இரையாவோர் பெண்களும் பிள்ளைகளுமே என்பதை மறந்து ஆடவனின் நெருக்கீட்டை மட்டும் பேசுவது அரைகுறை ஆய்வாகும்.

துயரத்தை நோக்குமிடத்து எமது இலக்கண மரபு சுவையான செய்தியொன்றைத் தருகின்றது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுத் தோன்றுதலையே தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என வகுத்தார். அழுகைக்கு அவர் தரும் நிலைக்களங்கள் நான்கும் கவனிக்கத்தக்கவை: பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், முன்னைய நன்னிலையிலிருந்து தளர்தல், வறுமை. இந்நான்கனுள் எதுவும் அழுபவரின் உள்ளத்துக் குறைபாடன்று; நான்கும் அவர் வாழும் நிலைமையைச் சுட்டுவன.

1978 இல் ஜோர்ஜ் பிறவுண், ரிறில் ஹரிஸ் ஆகியோர் இலண்டன் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்களை ஆராய்ந்தனர். தொழிலாளர் வகுப்புப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்திருந்தது. பெருந்துன்பம் நேர்ந்தபோது, மனந்திறந்து பேச நெருங்கிய ஒருவர் இல்லாதிருத்தல், வீட்டுக்கு வெளியே வேலையின்மை, பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தல், பதினொரு வயதுக்குமுன் தாயை இழந்திருத்தல் ஆகியன அவர்களை மேலும் நலிவுறச் செய்தன. பிறவுணும் அவர்தம் குழுவினரும் 1995 இல் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு, இழப்பு மட்டும் நேர்ந்தோரைவிட அவமதிப்புக்கு உள்ளானோரும் வெளியேற வழியின்றி அகப்பட்டோருமே மனச்சோர்வுக்கு மிகுதியும் ஆளாகினர் எனக் காட்டியது. இதனைக் கொண்டு தொல்காப்பியர் இக்கால உளவியலை அன்றே கண்டார் எனப் பெருமை பேசுவது எமது கருத்தன்று. அவர் வகுத்தது செய்யுளுக்குரிய இலக்கணம். பிறவுண் கண்டது நோய்க்குரிய ஏது. எனினும் துயரத்தை மனிதவுறவுகளில் வைத்துக் காணும் பார்வை எமக்குப் புதிதன்று என்பதையும், அவமதிப்பு உளநலத்தின் கொடிய பகை என்பதையும் இவ்வொப்புமை உணர்த்துகின்றது.

உடல் பேசும் மொழி

வெளிநோயாளர் பிரிவுகளில் தலையிடி, நெஞ்சு படபடப்பு, கைகால் உளைவு, வயிற்றெரிவு எனக் கூறி வருவோருள், உளநெருக்கீட்டை உடலின் வழியே வெளிப்படுத்துவோர் உளர். சோதனைகளில் ஒன்றும் புலப்படாதபோது “உனக்கு ஒன்றுமில்லை” என அவர்கள் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. “ஒன்றுமில்லை” என்பது அறிவியலுக்குப் பொருந்தாத கூற்றாகும். கனனும் செலியேயும் காட்டியவாறு, அந்தப் படபடப்பும் எரிவும் உண்மையான உடல் மாற்றங்களின் விளைவாதல் கூடும். அழுவதற்கு இடமில்லாதவரும் அழுதால் இகழப்படுபவரும் வலியைக் கூறியே உதவி கேட்கின்றனர். வலியைக் கேட்டபின், “வீட்டில் எப்படி? வேலையில் எப்படி? நித்திரை வருகின்றதா?” என மேலும் மூன்று கேள்விகளைக் கேட்கும் மருத்துவர் அம்மொழியை அறிந்தவராவார்.

இயல்பும் நோயும்

எல்லாத் துயரமும் நோயன்று. அநீதி கண்டு சினத்தலும், இழந்தபோது அழுதலும், தேர்வுக்குமுன் பதகளித்தலும் உயிருள்ள மனத்தின் இயல்புகள். அவற்றையெல்லாம் நோயாக்கி மாத்திரையால் அடக்க முற்படுவது, தீப்பற்றிய வீட்டில் எச்சரிக்கை மணியை நிறுத்துவதற்கு ஒப்பாகும். ஆயின் நோய் என்ற ஒன்று உண்டு என்பதையும் மறுத்தலாகாது. சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியில், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாது நீடிப்பதும், உறக்கமும் உணவும் கெடுவதும், தொழிலையும் உறவையும் பேண முடியாதுபோவதும், தான் பயனற்றவர் என்ற எண்ணம் வேரூன்றுவதும் மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றின் நாட்களை எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது. உடனடி உதவி தேவை. இந்நோய்களுக்கு உளவளத்துணையும் மருந்தும் பயனளிக்கின்றன. காரணம் சமூகத்தில் இருப்பதனால் மருந்து வேண்டாம் என்பது, கொசு குளத்தில் இருப்பதனால் மலேரியாவுக்கு மருந்து வேண்டாம் என்பது போன்றதாகும்.

தன் வசமாதல்

இதுவரை கூறியவற்றை இணைக்கும் இழை ஒன்றுண்டு. தன் வாழ்வின் மீது தனக்கு எவ்வளவு ஆட்சியுண்டு என்பதே அது. மேலதிகாரிகளே நெருக்கீட்டால் இதயநோய்க்கு ஆளாகின்றனர் என ஒருகாலத்தில் நம்பப்பட்டது. இலண்டனில் அரசாங்க சேவையிலிருந்த ஏறத்தாழ 18,000 ஆண்களைக் கொண்டு 1967 இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. கடைநிலை ஊழியரிடையே இதயநோய் மரணவீதம் உயர்பதவியினரிலும் பார்க்க ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல், குருதியமுக்கம் போன்றவை இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985 இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, வேலையின் மீதான ஆட்சிக் குறைவையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

மாட்டின் செலிக்மன், ஸ்ரீவன் மையர் ஆகியோர் 1967 இல், தப்ப வழியற்ற மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள் பின்னர் வழி திறந்திருந்தபோதும் அசையாது கிடந்ததைக் கண்டு, அதனைக் “கற்றுக்கொண்ட இயலாமை” என அழைத்தனர். சுமார் ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 2016 இல், மூளையாய்வுகளின் அடிப்படையில் தமது விளக்கத்தைத் தாமே தலைகீழாகத் திருத்திக்கொண்டனர். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப்போதல் கற்றுக்கொள்ளப்படுவதன்று, அது இயல்பாகவே நேர்வது. நிலைமையைத் தன்னால் மாற்றமுடியும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்பது அவர்தம் புதிய முடிவாகும். எம்மைப் பொறுத்தவரை இத்திருத்தம் பெரும் முக்கியத்துவம் வாய்ந்தது. சோர்ந்து கிடப்பவர் எதனையும் தவறாகக் கற்றவரல்லர். கற்பதற்கான வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டுள்ளது. அவ்வாய்ப்பு சிறு வெற்றிகளாலும் கிட்டும். நிறுவைக் கழிவைக் கேள்விக்குட்படுத்திக் குறைத்துக்கொண்ட பெண்கள், சில ரூபாவோடு தம்மால் இயலும் என்ற அறிவையும் பெறுகின்றனர். தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் உளநல நிறுவனங்களுமாகும் எனக் கூறின் அது மிகையாகாது.

செய்யத்தக்கது யாது?

அமைப்பு மாறும்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்பதற்கு எமது நாட்டிலேயே சான்றுண்டு. 1995 அளவில் இலங்கையில் ஓரிலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகில் மிகவுயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. அவற்றுட் பல நீண்ட நோயின் முடிவாக அமையவில்லை. வீட்டுச் சண்டை, கடன், அவமானம் ஆகியன கிளப்பிய கணநேர மனவெழுச்சியின் விளைவாகவே அவை நிகழ்ந்தன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து கொடிய பீடைகொல்லிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2005 அளவில் அவ்வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வறுமை ஒழியவில்லை, போரும் முடியவில்லை. கொந்தளித்த மனவெழுச்சி தணிவதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. பலர் உயிர் தப்பினர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது. இன்று 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசிச் சேவை எவரும் அழைக்கக்கூடியதாக உள்ளது. தோட்டத்து மருந்தகங்களிலும் பாடசாலைகளிலும் இவ்விலக்கம் தமிழில் எழுதி ஒட்டப்படுதல் செலவற்ற முதற்பணியாகும்.

அடுத்து, 2005 இல் வகுக்கப்பட்ட உளநலக் கொள்கை, பெரிய மனநோய் மருத்துவமனைகளுக்கு வெளியே, மக்கள் வாழுமிடங்களுக்கு அருகிலேயே சேவை அமையவேண்டும் என வற்புறுத்தியது. அச்சேவை மலைநாட்டில் நோயாளியின் மொழியில் அமைதல் வேண்டும். “யோசனை”, “நெஞ்சுப்பாரம்” ஆகிய சொற்களின் கனத்தை உணராதவர் அவற்றைக் கூறுபவருக்கு எங்ஙனம் துணைபுரிய முடியும்? இங்கே தமிழ் பயில்வோருக்கும் பணியுண்டு. எம் மக்கள் துன்பத்தைக் கூறும் சொற்களைத் தோட்டந்தோறும் கிராமந்தோறும் திரட்டி, உளமருத்துவருக்கும் தாதியருக்கும் பயன்படுமாறு தொகுத்தல் ஒரு தமிழ்ச் சங்கம் ஆற்றக்கூடிய ஆய்வுப்பணியாகும்.

“பொறுத்துப் போ” என்ற அறிவுரையையும் “அமைப்பு மாறட்டும்” என்ற அறிக்கையையும் நாம் ஒருங்கே கைவிடவேண்டியுள்ளது. அரைப்பேருடன் லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் சினம் நியாயமானது. அதனை நியாயமானது என்று அவளிடம் கூறுவதே முதல் மருந்து. அவளது உறக்கமின்மை நோயாக முற்றியிருப்பின், வெட்கமின்றி வைத்தியரிடம் செல்ல அவளுக்கு வழி வேண்டும். அவளை அந்நிலைக்குத் தள்ளிய நிறுவையைத் திருத்த அவளோடு நிற்போரும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் தள்ளிவிடும் எக்கொள்கையும் உளநலக் கொள்கையாகாது.